விலை குறைந்த அமெரிக்க பீர்: உங்கள் தேர்வு எது, ஏன்?

மில்வாக்கிக்காரன்:

இந்த இழையில் சிறு ஆலைகளின் கைவினை பீர் பேச்சு வேண்டாம். அதற்கு வேறு இழைகள் நிறைய இருக்கின்றன. பெட்ரோல் நிலையத்தின் குளிர்பெட்டியிலும் பேரங்காடியின் கீழ்த்தட்டிலும் 12, 24, 30 கேன் பெட்டிகளாக அடுக்கிவைத்திருக்கிறார்களே, அவற்றைப் பற்றி மட்டும் பேசுவோம். பட்வைசர், மில்லர், கூர்ஸ், பாப்ஸ்ட், புஷ், ஹாம்ஸ், ஓல்ட் மில்வாக்கி, கீஸ்டோன், நேச்சுரல் லைட் என்று பட்டியல் நீளம். எது பிடிக்கும் என்று எழுதினால் போதாது, ஏன் என்றும் எழுதுங்கள்.

என் தேர்வு மில்லர் ஹை லைஃப். 1903இல் எங்கள் மில்வாக்கியில் பிறந்தது. ஆல்கஹால் 4.6 சதவீதம். லேசான இனிப்பு, நாக்கைச் சுறுசுறுவென்று தொடும் வாயு, அடியில் மிக மெல்லிய கசப்பு, அவ்வளவுதான். அந்த அளவு எனக்குச் சரியாகப் பொருந்துகிறது. பட்வைசரைக் குடித்தால் வாய் வறண்டுபோகிறது. பாப்ஸ்டில் தானிய வாசனை தூக்கலாக இருக்கிறது. ஹை லைஃப் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

அதன் பாட்டில் நிறமற்ற கண்ணாடி. வெளிச்சம் பட்டால் பீர் கெட்டுப்போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவின் கசப்புப் பொருள் ஒளியில் உடைந்து, கந்தகம் கலந்த ஒரு சேர்மமாக மாறி நாறத் தொடங்கும். பழுப்புக் கண்ணாடியை அதற்காகத்தான் பயன்படுத்துகிறார்கள். மில்லர் ஆலையோ வேதிமாற்றம் செய்த ஹாப்ஸ் சாற்றைச் சேர்க்கிறது. அது ஒளியில் அப்படி உடைவதில்லை. ஆகவே அந்தப் பொன்னிறத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டே குடிக்கலாம். எனக்கு அதில் தனி மகிழ்ச்சி.

‘பீர்களின் ஷாம்பெயின்’ என்று கேனில் போட்டிருப்பதால் 2023 ஏப்ரலில் பெல்ஜியத்தில் 2,352 கேன்களை நசுக்கி அழித்தார்கள். ஷாம்பெயின் என்ற பெயர் அந்தப் பகுதி ஒயினுக்கு மட்டுமே உரியது என்பது பிரான்சின் ஷாம்பெயின் குழுவின் வாதம். பெயரைப் பற்றி அவர்கள் சொல்வது நியாயம்தான். நல்ல பீர் தரையில் ஓடியதற்குத்தான் எனக்கு வருத்தம்.


மலையடிவாரம்:

கூர்ஸ் பாங்க்வெட். கலோரி குறைத்த கூர்ஸ் லைட்டைச் சொல்லவில்லை. மஞ்சள் கேனில் வரும் பழைய கூர்ஸ், ஆல்கஹால் 5 சதவீதம்.

கொலராடோவின் கோல்டன் நகரத்தில் 1873இல் தொடங்கிய ஆலை இது. அவர்கள் வாங்கும் பார்லி, தங்களுக்கென்றே ஒப்பந்த விவசாயிகளிடம் விளைவிக்கும் மொரேவிய ரகம். மற்ற பெரிய ஆலைகள் பாஸ்ச்சரைஸ் செய்து, அதாவது சூடாக்கிக் கிருமி நீக்கி அனுப்ப, கூர்ஸ் சூடாக்காமல் நுண்வடிகட்டி, குளிரிலேயே வைத்து அனுப்பும் வழியை எடுத்துக்கொண்டது. குளிர் விட்டுப்போனால் கெட்டுவிடும் என்பதால் நெடுந்தூரம் அனுப்பத் தயங்கினார்கள். மிசிசிப்பி ஆற்றைத் தாண்டிக் கிழக்கே கூர்ஸ் அதிகாரபூர்வமாக விற்பனைக்கு வந்ததே 1981இல்தான். அதற்கு முன்பு கிழக்கிலிருந்து வந்தவர்கள் காரின் பின்பெட்டியில் அடுக்கிக்கொண்டு போவார்கள். அதிபர் ஜெரால்ட் ஃபோர்டு கூர்ஸை வாஷிங்டனுக்கு விமானத்தில் கொண்டுபோனது அந்தக் காலப் பத்திரிகைச் செய்தி.

சுவை என்று கேட்டால், முளைகட்டி உலர்த்திய பார்லியான மால்ட்டின் இனிப்பு மற்றவற்றைவிடக் கூடுதல். சற்றே குளிர் விட்டதும் கனிந்த வாழைப்பழத்தின் சாயல் மெல்ல எழும். பட்வைசரிலும் மில்லரிலும் எனக்கு அது கிடைத்ததில்லை. மலையேறிவிட்டுக் கீழே இறங்கி வந்ததும் எனக்கு வேண்டியது இதுதான்.


வீட்டு ஆலை:

வீட்டிலேயே பீர் காய்ச்சுபவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். ‘மக்காச்சோளமும் அரிசியும் போட்டு ஏமாற்றுகிறார்கள்’ என்ற குற்றச்சாட்டு இந்த இழையில் எப்படியும் வரும். வருவதற்கு முன்பே பதில் சொல்லிவிடுகிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே வந்த ஜெர்மானியர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் ஆறு வரிசை பார்லி. அதில் புரதம் அதிகம், நொதிகளும் அதிகம். அதை மட்டும் வைத்துக் காய்ச்சினால் பீர் கலங்கும், தடிக்கும். கூடவே மக்காச்சோளத்தையோ அரிசியையோ சேர்த்தால் புரதம் நீர்த்து பீர் தெளிகிறது. பார்லியில் மிஞ்சிக் கிடக்கும் நொதிகள் அந்தத் தானியத்தின் மாவுப்பொருளையும் சர்க்கரையாக மாற்றிவிடுகின்றன. மண்ணில் விளைந்ததைக் கொண்டு குளிரில் நொதிக்கும் லாகர் வகை பீரை வெளிறியதாக, தெளிந்ததாக எடுக்கக் கண்ட வழி இது. செலவைக் குறைப்பது மட்டுமே நோக்கம் என்று சொல்வது வரலாற்றுக்குப் பொருந்தாது.

சுவையில் இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. பட்வைசர் அரிசிக் கட்சி, அதனால் வறட்சியாக, சட்டென்று வெட்டினாற்போல் முடியும். மில்லர், கூர்ஸ், பாப்ஸ்ட் எல்லாம் மக்காச்சோளக் கட்சி. வாயில் கொஞ்சம் உருண்டு, இனிப்பைத் தடவிவிட்டுப் போகும். சிலர் வேகவைத்த சோளத்தின் மணம் அடிக்கிறது என்பார்கள். அதற்கு முதற்காரணம் சோளம் அன்று. மால்ட்டிலிருந்து பிறக்கும் டைமெத்தில் சல்ஃபைடு என்ற சேர்மம்தான் அப்படி மணக்கும். பட்வைசரில் பச்சை ஆப்பிள் மணம் வருகிறதே, அது அசிட்டால்டிஹைடு.

இன்னொன்று. கருப்பு ஸ்டவுட் பீரிலோ கசப்பான ஐபிஏ பீரிலோ சிறு குறை இருந்தால் வறுத்த மால்ட்டும் ஹாப்ஸும் அதை மூடிவிடும். இந்த வெளிறிய லாகரில் குறைக்கு ஒளியவே இடமில்லை. நாட்டின் பல மூலைகளிலும் உள்ள ஆலைகளில் காய்ச்சி, எங்கே வாங்கினாலும் ஒரே சுவையில் கொடுப்பது பெரிய கைத்திறன். நானே முயன்று பார்த்திருப்பதால் அந்த ஆலைகளில் வேலை செய்பவர்கள்மேல் எனக்கு மிகுந்த மரியாதை.

என் தேர்வு ஹாம்ஸ். மினசோட்டாவின் செயின்ட் பால் நகரத்து பீர், 1865 முதல் இருக்கிறது. இந்தக் கூட்டத்திலேயே சுத்தமான தானியச் சுவை அதற்குத்தான்.


எண்ணிப்பார்ப்பவள்:

எல்லோரும் இவ்வளவு உறுதியாகப் பேசுகிறீர்கள். பிராண்டின் பெயர்ச்சீட்டைக் கிழித்துவிட்டு ஊற்றிக் கொடுத்தால் கண்டுபிடிப்பீர்களா?

1964இல் அலிசன், ஊல் என்ற இருவர் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். வழக்கமாக பீர் குடிப்பவர்களிடம் சீட்டில்லாத பாட்டில்களைக் கொடுத்தபோது பெரும்பாலோரால் தங்கள் பிராண்டையே பிரித்தறிய முடியவில்லை. எல்லாவற்றுக்கும் ஏறத்தாழ ஒரே மதிப்பெண். சீட்டு ஒட்டிக் கொடுத்ததும் தங்கள் பிராண்டுக்கு மதிப்பெண் உயர்ந்தது. சந்தை ஆய்வுப் பாடங்களில் இன்றும் எடுத்துக்காட்டும் சோதனை அது. நான் தொழில்முறையில் புள்ளியியல் பார்ப்பவள், இதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது என்பேன்.

வாழைப்பழமும் பச்சை ஆப்பிளும் கேனின் நிறத்தைப் பார்த்த பிறகுதான் வருகின்றன என்பது என் கருத்து. கடையில் எது விலை குறைவோ அதை வாங்குகிறேன். பெரும்பாலும் புஷ் லைட் அல்லது நேச்சுரல் லைட். இரண்டிலும் 95 கலோரிதான்.


வீட்டு ஆலை:

எண்ணிப்பார்ப்பவளுக்கு: அந்தச் சோதனை கேட்டது வேறு கேள்வி. ‘உன் பிராண்டை நினைவிலிருந்து கண்டுபிடி’ என்பது ஒன்று, ‘இந்த இரண்டும் வேறு வேறா’ என்பது இன்னொன்று. பாடகரின் பெயர் தெரியாதவருக்கும் இரண்டு குரல்கள் வேறு என்று தெரியும் அல்லவா?

ஆலைகள் செய்வது முக்கோணச் சோதனை. மூன்று கோப்பைகள், இரண்டில் ஒரே பீர், ஒன்றில் வேறு. எது வேறு என்று மட்டும் சொல்ல வேண்டும். வீட்டிலும் எளிதாகச் செய்யலாம். மூன்றும் ஒரே குளிர்ச்சியில் இருக்கட்டும். உறையும் குளிரில் வேண்டாம், அப்போது நாக்கு மரத்து, மணமும் எழும்பாது. மூன்றும் ஏறத்தாழ ஒரே தேதியில் அடைத்தவையாக இருக்கட்டும். பழையதையும் புதியதையும் ஒப்பிட்டுவிட்டு பிராண்டைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஊற்றுபவர் ஒருவர், குடிப்பவர் இன்னொருவர்.

லைட் பீர்களைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வதில் பாதிக்கு மேல் உண்மை. லைட் அல்லாத முழு பீர்களில் அப்படி இல்லை என்று பந்தயம் கட்டுவேன்.


சங்கத்து ஆள்:

கூர்ஸைப் புகழ்ந்து எழுதியவருக்கு என் பதில் சுவையைப் பற்றியது அன்று. வேலை கேட்டு வந்தவர்களைப் பொய் கண்டறியும் கருவியில் உட்காரவைத்துக் கேள்வி கேட்ட நிறுவனம் அது. 1977இல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், சங்கம் உடைந்தது. மெக்சிகோ வம்சாவளி அமெரிக்கர்களான சிகானோக்களின் அமைப்புகளும், சான் பிரான்சிஸ்கோவில் தன்பாலீர்ப்பாளர்களின் பார்களும், தொழிற்சங்கங்களும் சேர்ந்து புறக்கணித்தன. ஏஎஃப்எல்-சிஐஓ என்ற தொழிற்சங்கக் கூட்டமைப்பின் புறக்கணிப்பு 1987இல்தான் முடிந்தது. பீர் என்பது குடிப்பவர்களுக்கு மட்டும் உரியதா? காய்ச்சுபவர்களும் இருக்கிறார்கள். நான் கூர்ஸ் வாங்குவதில்லை. ஹை லைஃப் வாங்குகிறேன்.


மலையடிவாரம்:

நீங்கள் சொன்னவை நடந்தவை, மறுக்க எதுவும் இல்லை. எங்கள் பக்கத்தில் வயதானவர்கள் பலர் அந்தக் காரணத்தால் இன்றும் கூர்ஸைத் தொடுவதில்லை. ஆனால் ஒன்றையும் சேர்த்துப் பாருங்கள் ஐயா. இன்று மில்லரும் கூர்ஸும் மோல்சன் கூர்ஸ் என்ற ஒரே நிறுவனத்துக்குள் இருக்கின்றன. ஹை லைஃபுக்குக் கொடுக்கும் பணமும் அதே பெட்டிக்குத்தான் போகிறது. பாட்டிலை வைத்து முதலாளியைத் தேர்ந்தெடுக்கும் காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. பட்வைசரையே 2008இல் பெல்ஜியத்தின் இன்பெவ் நிறுவனம் 5,200 கோடி டாலருக்கு வாங்கிவிட்டதே.


சங்கத்து ஆள்:

உண்மைதான். அதனால் நினைவு போய்விட வேண்டும் என்றில்லை.


நீல நாடா:

பாப்ஸ்ட் பக்கம் நின்று பேச ஒருவராவது வேண்டாமா? நான் நிற்கிறேன்.

1882 முதல் பாட்டில் கழுத்தில் உண்மையான நீலப் பட்டு நாடாவைக் கட்டி விற்றார்கள். 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் வென்றதாகக் கேனிலேயே பெருமை அடித்துக்கொள்கிறார்கள். மில்வாக்கி ஆலை 1996இல் மூடப்பட்டது. பிறகு நெடுங்காலம் பாப்ஸ்டைக் காய்ச்சியது மில்லர் ஆலைகள். அந்த ஒப்பந்தம் பற்றி 2018இல் இருவரும் நீதிமன்றம் வரை போய், கடைசியில் சமரசம் செய்துகொண்டார்கள்.

‘சொந்த ஆலை இல்லாத பீர் என்ன பீர்’ என்று கேட்பவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்ப்பதில்லை. செய்முறை தனி, சுவையும் தனி. மில்வாக்கிக்காரர் குறை சொன்ன அந்தத் தானிய வாசனைக்காகத்தான் எனக்கு பாப்ஸ்ட் பிடிக்கிறது. பீர் பார்லியிலிருந்து வந்தது என்பதை அந்த விலையில் நினைவூட்டும் பீர் வேறில்லை. பிலடெல்பியா பார்களில் பாப்ஸ்ட் கேனும் ஒரு சிறு கோப்பை போர்பன் விஸ்கியும் சேர்த்து ஒரே விலைக்குக் கொடுப்பார்கள். போர்பனின் காரத்துக்கு அந்தத் தானியச் சுவை அருமையாக ஈடுகொடுக்கும்.


பாட்ஸ்வில் பக்கம்:

பிலடெல்பியா என்றதும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அங்கே பாரில் உட்கார்ந்து ‘லாகர்’ என்று மட்டும் கேளுங்கள். எந்த லாகர் என்று யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள், யுங்லிங் வந்துவிடும்.

பென்சில்வேனியாவின் பாட்ஸ்வில்லில் 1829இல் தொடங்கிய ஆலை. இந்த நாட்டில் இன்னும் இயங்கும் ஆலைகளில் மூத்தது. 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்த காலத்தில் ஆல்கஹால் இல்லாத பீரும் பால்பண்ணைத் தொழிலும் நடத்திப் பிழைத்துக்கொண்டார்கள். இன்றும் அதே குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது. சங்கத்து ஐயா சொன்ன கணக்கில் பார்த்தால், பணம் எங்கே போகிறது என்று தெரிந்து கொடுக்கலாம்.

நிறம் செம்பழுப்பு. கேரமல் மால்ட்டின் இனிப்பு உண்டு. பட்வைசரைவிடச் சில காசுகள் கூட இருக்கலாம், ஆனால் கைவினை பீரின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.


மில்வாக்கிக்காரன்:

யுங்லிங்கைச் சேர்த்துக்கொள்ளலாம், ஆட்சேபம் இல்லை.

பாப்ஸ்ட் பேச்சு வந்ததால் ஷ்லிட்ஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இன்றைய இளைஞர்கள் பலர் பெயரையே கேட்டிருக்க மாட்டார்கள். ‘மில்வாக்கியைப் புகழ்பெறச் செய்த பீர்’ என்று அழைக்கப்பட்டது. 1950களில் நாட்டிலேயே முதலிடம். 1957இல் பட்வைசர் முந்திய பிறகும் இரண்டாமிடத்தை விடாமல் பிடித்திருந்தது. கெட்டது வெளியிலிருந்து வரவில்லை, கணக்குப் பேரேட்டிலிருந்து வந்தது. நொதிக்கும் நாட்களைக் குறைத்தார்கள். மால்ட்டைக் குறைத்து மக்காச்சோளச் சாற்றைக் கூட்டினார்கள். ஒவ்வொரு மாற்றத்தையும் தனித்தனியே சோதித்து, ‘முந்தையதற்கும் இதற்கும் வேறுபாடு தெரியவில்லை’ என்று அடுத்த படிக்குப் போனார்கள். முதற்படியையும் கடைசிப் படியையும் அருகருகே வைத்துப் பார்த்தவர் யாரும் இல்லை.

1976இல் பீர் கலங்காமலிருக்கச் சேர்க்கும் பொருளை மாற்றினார்கள். அது நுரை நிற்பதற்காகச் சேர்த்த பொருளோடு வினைபுரிந்து, பாட்டிலுக்குள் செதில் செதிலாக மிதக்கத் தொடங்கியது. சுமார் ஒரு கோடி பாட்டில்களைத் திரும்ப வாங்கி அழிக்க வேண்டியதாயிற்று. 1981இல் வேலைநிறுத்தம், மில்வாக்கி ஆலை மூடல். அடுத்த ஆண்டே டெட்ராய்ட்டின் ஸ்ட்ரோ நிறுவனம் வாங்கிவிட்டது. பிறகு பாப்ஸ்ட் கைக்கு வந்து, 2008இல் 1960களின் செய்முறையை மீட்டு மறுபடியும் விற்றார்கள். நன்றாகவே இருந்தது.

‘விலை குறைந்த பீரில் என்ன சுவை வேண்டிக்கிடக்கிறது’ என்று சொல்பவர்களுக்கு இதுதான் என் பதில். ஷ்லிட்ஸ் குடித்தவர்கள் பேராசிரியர்கள் அல்லர். ஆலைகளிலும் சாலைப் பணிகளிலும் உழைத்தவர்கள். அவர்கள் நாக்குக்குத் தெரிந்தது, விட்டு விலகினார்கள்.


எண்ணிப்பார்ப்பவள்:

சிறு சிறு மாற்றங்களை அடுத்தடுத்து மட்டும் ஒப்பிட்டால் மொத்த விலகல் தெரியாது என்பது எங்கள் துறையில் நன்கு அறிந்த சிக்கல். நல்ல எடுத்துக்காட்டு கொடுத்தீர்கள். முக்கோணச் சோதனையை வீட்டில் நண்பர்களோடு செய்துபார்க்கிறேன்.


மெல்லிய கேன்:

லைட் பீரை எல்லோரும் ஒதுக்குகிறீர்கள். இந்த நாட்டில் மிக அதிகம் விற்கும் பீர் என்ற இடம் பல ஆண்டுகள் பட் லைட்டிடம் இருந்தது. 2023இல்தான் விற்பனைத் தொகையில் மெக்சிகோவின் மொடெலோ எஸ்பெஷல் அதை முந்தியது. இவ்வளவு பேர் குடிப்பதைப் பற்றிப் பேசாமல் இந்த இழை எப்படி முடியும்?

ஜோசஃப் ஓவேட்ஸ் என்ற வேதியியலாளர், பீரை நொதிக்கவைக்கும் ஈஸ்டால் தின்ன முடியாத மாவுச்சர்க்கரையையும் உடைக்கும் நொதியைப் பயன்படுத்தி 1967இல் காப்ளிங்கர்ஸ் என்ற டயட் பீரைக் கொண்டுவந்தார். விற்கவில்லை. பின்னர் சிகாகோவின் மைஸ்டர் பிராவ் நிறுவனம் லைட் பீர் விற்றது. அதன் பிராண்டுகளை 1972இல் மில்லர் வாங்கி, 1975இல் மில்லர் லைட்டை நாடு முழுவதும் இறக்கியது. விளையாட்டு வீரர்களைக் கொண்டு விளம்பரம் செய்ததும் பிய்த்துக்கொண்டு போயிற்று. கூர்ஸ் லைட் 1978, பட் லைட் 1982.

மூன்றிலும் ஆல்கஹால் 4.2 சதவீதம். மில்லர் லைட்டில் 96 கலோரி, கூர்ஸ் லைட்டில் 102, பட் லைட்டில் 110. என் வாக்கு மில்லர் லைட்டுக்கு. மூன்றில் அதில்தான் ஹாப்ஸ் இருப்பது தெரிகிறது. கூர்ஸ் லைட் மிகச் சுத்தம், ஆனால் விழுங்கியதும் ஒன்றும் மிஞ்சாது. பட் லைட்டில் ஆப்பிள் சாயல், எனக்கு ஆகாது.

2019இல் அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுலின்போது வந்த விளம்பரத்தில் ‘மில்லர் லைட்டிலும் கூர்ஸ் லைட்டிலும் கார்ன் சிரப் இருக்கிறது’ என்று பட் லைட் குத்திக்காட்டியது. கார்ன் சிரப் என்கிற அந்த மக்காச்சோளச் சாறு ஈஸ்டுக்கு உணவு. நொதித்து முடிந்த பீரில் அது அப்படியே மிஞ்சி நிற்பதில்லை. வழக்கும் நடந்தது, மேல்முறையீட்டில் பட் லைட் தரப்பே வென்றது. சட்டத்தில் வென்றாலும் அந்த விளம்பரம் நேர்மையானது என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. அரிசி போடுபவர், சோளம் போடுபவரைப் பழிக்கலாமா?


தனி நட்சத்திரம்:

டெக்சாஸிலிருந்து சுருக்கமாக. ஆகஸ்ட் மாத வெயிலில், வாட்டிய மாட்டிறைச்சியோடு, லோன் ஸ்டார். கேனிலேயே டெக்சாஸின் தேசிய பீர் என்று எழுதியிருக்கும். ஐஸ் நிறைத்த தொட்டியிலிருந்து எடுத்துக் குடிக்க வேண்டும். சாதாரண நாளில் சாதாரணமாகத்தான் இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.


புதுக்குடி:

அண்ணன்மார்களே, அக்காமார்களே, நான் இந்த நாட்டுக்குப் புதியவன். கோடையில் வீட்டுத் தோட்டத்தில் நண்பர்களுக்கு விருந்து வைக்கிறேன். பலவிதமான ஆட்கள் வருவார்கள். ஒரே பெட்டி வாங்குவது என்றால் எதை வாங்கட்டும்?


மில்வாக்கிக்காரன்:

தம்பி, பிராண்டைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் கடையைத் தேர்ந்தெடு. இந்த பீர்களில் சுவை மென்மையாக இருப்பதால் பழசானால் முதலில் காட்டிக்கொடுப்பதும் இவைதான். நனைந்த அட்டையின் வாசனை வரும். கேனின் அடியிலோ பெட்டியின் பக்கவாட்டிலோ தேதி அச்சிட்டிருப்பார்கள், பார்த்து வாங்கு. சன்னல் ஓரம் வெயிலில் அடுக்கியதைத் தொடாதே. பாட்டிலைவிடக் கேன் பாதுகாப்பு, ஒளி புகாது.

உன் ஊரில் எது வேகமாக விற்கிறதோ அது பெரும்பாலும் புதிதாக இருக்கும். விஸ்கான்சினில் நான் ஹை லைஃபை விரும்புவதற்கும், பாட்ஸ்வில் நண்பர் யுங்லிங்கை விரும்புவதற்கும், கொலராடோக்காரர் பாங்க்வெட்டை விரும்புவதற்கும் ஊர்ப்பாசம் மட்டும் காரணம் அன்று. அந்தந்த ஊரில் அதது ஆலையிலிருந்து வந்த சூட்டோடு கிடைக்கிறது. கீழ்த்தட்டில் தூசி படிந்த ஹை லைஃபைவிட நேற்று இறங்கிய புஷ் மேல் என்று தயங்காமல் சொல்வேன். நீ எந்த மாநிலம்?


புதுக்குடி:

ஓஹையோ.


பாட்ஸ்வில் பக்கம்:

அங்கே யுங்லிங் கிடைக்கும். அதோடு மில்லர் லைட் ஒரு பெட்டி. முடிந்தது.


எண்ணிப்பார்ப்பவள்:

சோதனை செய்தாயிற்று. கணவர் ஊற்றினார், நண்பர்கள் குடித்தார்கள், கோப்பைகளில் எண் மட்டும். ஒரே வாரத்தில் அடைத்த கேன்களாகத் தேடி வாங்கினேன்.

பட் லைட்டையும் கூர்ஸ் லைட்டையும் எங்கள் கூட்டத்தால் பிரிக்க முடியவில்லை. குருட்டாம்போக்கில் சொன்னால் மூன்றில் ஒரு பங்கு சரியாக வரும், கிட்டத்தட்ட அதுதான் வந்தது. பட்வைசர், ஹை லைஃப் ஜோடியில் பெரும்பாலோர் சரியாகச் சொன்னார்கள். வேறான கோப்பையை எடுத்துக் காட்டியபோது ‘இதில் ஆப்பிள்’ என்று இரண்டு பேர் தாங்களாகவே சொன்னார்கள். அவர்கள் இந்த இழையைப் படித்தவர்கள் அல்லர். சிறிய கூட்டம் என்பதால் இதிலிருந்து பெரிய முடிவு எதையும் எடுக்க மாட்டேன்.

அடுத்த முறை பாங்க்வெட்டும் ஹாம்ஸும். வாழைப்பழம் யாருக்காவது தட்டுப்படுகிறதா என்று பார்க்க வேண்டும்.


மலையடிவாரம்:

பாங்க்வெட்டைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் வெளியே வைத்துவிட்டு ஊற்றச் சொல்லுங்கள். ஹாம்ஸுக்கும் அப்படியே செய்யுங்கள், இல்லாவிட்டால் வீட்டு ஆலை நண்பர் முடிவை ஏற்க மாட்டார்.


வீட்டு ஆலை:

ஏற்க மாட்டேன். தேதியையும் எழுதிவையுங்கள்.